செயின் சா கிரைண்டர் வாங்கும் முன்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மரம் அறுக்கிற செயின் சா, புல் வெட்டுகிற மெஷின், மருந்து ஸ்பிரேயர் எல்லாம் வரும். கொஞ்ச காலமாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: செயினைத் தீட்ட கரண்ட் கிரைண்டர் எதை வாங்குவது? ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, குடியாத்தம் என்று எங்கிருந்து போன் வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, நான் சொல்கிற பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். தவறான மெஷினை வாங்கி நல்ல செயினைக் கருக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இப்ப அரம் வெச்சுதான் தீட்டிட்டு இருக்கேன் அண்ணா. கிரைண்டர் வாங்கியே ஆகணுமா?

ஒரு மெஷின், வாரத்துக்கு ஒன்றிரண்டு மரம் என்றால் வேண்டாம். அரமே போதும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு போட்டால் செயின் மழுங்கவே மழுங்காது. 20 இஞ்ச் பாருக்கு (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) வருகிற 76 லிங்க் செயினில் 38 பல்தான். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை.

கிரைண்டர் தேவைப்படுவது வேறு இடத்தில். சாலையோரப் புளியமரம் அறுக்கிறவர்களைக் கேளுங்கள், உள்ளே ஆணி இல்லாத மரம் அபூர்வம். விளம்பரத் தட்டிக்கு ஒருவர், நம்பர் தகட்டுக்கு ஒருவர், கொடி கட்ட ஒருவர் என்று அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மேலே பட்டை மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆணியில் பட்ட பல்லின் முனை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் உடைந்துபோகும். மற்ற பற்களையும் அந்த அளவுக்குக் கொண்டுவர அரத்தால் உட்கார்ந்து தேய்த்தால் பாதி நாள் போய்விடும். ஏரிக்குள்ளும் பாலாற்றுப் படுகையிலும் வேலிக்காத்தான் வெட்டுகிறவர்களுக்கு மணல்தான் எதிரி. அடிக்கட்டையில் ஒட்டிய மண்ணில் ஒரு முறை உரசினாலே செயின் முழுக்க மழுங்கிவிடும். இந்த இரண்டு வேலையும் அடிக்கடி செய்கிறவருக்கும், நாலைந்து மெஷின் வைத்து ஆள் விட்டு வேலை வாங்குகிறவருக்கும் கிரைண்டர் உண்மையிலேயே உதவும்.

ஒரு மாதம் வெளியில் தீட்டக் கொடுத்த காசை எழுதி வையுங்கள். மெஷின் விலையை அதால் வகுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்குள் விலை திரும்பி வந்தால் வாங்கலாம்.

கிரைண்டர் இருந்தா அரத்தைத் தூக்கிப் போட்டுடலாமா?

கூடாது. காட்டில் வேலை நடக்கும்போது கையில் இருக்கப்போவது அரம்தான். நான் எல்லாருக்கும் சொல்வது: தினசரி அரம், நாலைந்து முறைக்கு ஒரு தடவை அல்லது ஆணி, கல்லில் பட்டபோது கிரைண்டர். கிரைண்டரில் ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் கொஞ்சம் இரும்பு போகத்தான் செய்யும். அரத்தில் தேவையான அளவுதான் தேயும். செயினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

வெல்டிங் பட்டறையில இருக்கிற ஆங்கிள் கிரைண்டர் போதாதா?

போதாது, அதோடு ஆபத்து. ஆங்கிள் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே கோணம் வைக்க யாராலும் முடியாது. தொட்ட நொடியில் பல் சூடாகி நீலம் பாய்ந்துவிடும். வட்டு செயினைக் கவ்வி இழுத்தால் கை போகும்.

செயினுக்கென்று செய்த கிரைண்டரில் மூன்று விஷயம் இருக்கும். மெல்லிய ஒரு சாணைக்கல். செயினை நிறுத்திப் பிடிக்கிற சின்ன வைஸ். கல்லையும் வைஸையும் டிகிரி பார்த்துத் திருப்பி வைக்கிற வசதி. கல் கீலில் தொங்கும், மேலிருந்து கீழே இறக்கிப் பல்லைத் தொடுவோம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் 38 பல்லும் ஒரே மாதிரி வரும்.

என் செயின் என்ன சைஸ்னே தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிரைண்டர் வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். செயினில் அடுத்தடுத்து இருக்கிற மூன்று ரிவெட்டை எடுத்துக்கொண்டு, முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடு வரை அளந்து இரண்டால் வகுங்கள். அதுதான் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கு 16.5 மில்லிமீட்டர் வந்தால் 0.325 இஞ்ச் செயின். 19 வந்தால் 3/8. 20.5 வந்தால் 0.404. 12.7 வந்தால் 1/4. நம் பக்கம் அதிகம் ஓடுகிற 58 சிசி சைனா மெஷின்களில் பெரும்பாலும் 0.325தான் இருக்கும்.

செயினிலேயே நம்பரும் அடித்திருக்கும். ஆரிகன் கம்பெனி செயினில் பாருக்குள் ஓடுகிற லிங்க்கைத் துடைத்துப் பாருங்கள்: 20, 21, 22 என்றால் 0.325, 72, 73 என்றால் 3/8, 91 என்றால் 3/8 லோ புரொஃபைல், அதாவது சின்ன 3/8. ஸ்டில் கம்பெனி செயினில் பல்லுக்கு முன்னால் இருக்கிற மேட்டின் பக்கவாட்டில் 2 என்றிருந்தால் 0.325, 3 என்றால் 3/8, 6 என்றால் சின்ன 3/8.

இந்தச் சின்ன 3/8தான் பலரை ஏமாற்றும். அளந்தால் பெரிய 3/8 அளவே வரும், ஆனால் பல் குட்டையாக இருக்கும். சின்ன மெஷின்களில் வருவது இதுதான். அரம் வாங்கும்போதும் இது முக்கியம்: சின்ன 3/8க்கு 4 மில்லிமீட்டர் அரம், 0.325க்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2 அல்லது 5.5.

கல்லு எவ்வளவு தடிமன் வாங்கணும்? கடைக்காரர் எல்லாத்துக்கும் ஒண்ணே போதும்னாரு.

ஒன்று போதாது. பல்லுக்கு அடியில் இருக்கிற வளைவும் கல்லின் விளிம்பில் இருக்கிற வளைவும் பொருந்த வேண்டும். 3.2 மில்லிமீட்டர் கல் 1/4, சின்ன 3/8, 0.325 செயின்களுக்கு. 4.7 மில்லிமீட்டர் கல் பெரிய 3/8, 0.404 செயின்களுக்கு. 0.325 செயினில் சில வகைக்கு 4.7ம் போடலாம், செயின் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு கல் இருந்தால் அது முன்மேடு தேய்ப்பதற்கு. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

பெரிய 3/8 செயினை மெல்லிய கல்லில் தீட்டினால் பல்லின் அடியில் குறுகலாகப் பள்ளம் விழும். நடுவில் கொக்கி மாதிரி குழிந்துகொள்ளும். முதல் பத்து நிமிஷம் பயங்கரமாக வெட்டும், அதோடு சரி, முனை தாங்காது. மெஷினோடு வருகிற கல் உங்கள் செயினுக்கான தடிமன்தானா என்று கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள்.

ஆன்லைன்ல சின்ன மெஷின் மலிவா கிடைக்குது. பெரிய மெஷின் அஞ்சாறு மடங்கு விலை. அப்படி என்னதான் வித்தியாசம்?

எல்லாரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வைஸையும் கீலையும். மலிவு மெஷினில் கல் மாட்டியிருக்கிற தலையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் ஆடும். வைஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் கல் தொடும்போது செயினே சாய்ந்துகொடுக்கும். அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால்கூட இடப்பல் ஒரு நீளம், வலப்பல் ஒரு நீளம் என்று ஆகிவிடும். அப்புறம் மரம் அறுக்கும்போது வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். பாரைக் குறை சொல்லி மாற்றுவீர்கள். புதுப் பாரிலும் அதேதான் நடக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய செயின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கரண்ட் கொடுக்காமலே வைஸில் மாட்டி இறுக்குங்கள். பல்லை விரலால் அசைத்துப் பாருங்கள், அசையக் கூடாது. கல்லைக் கீழே இறக்கிப் பல்லைத் தொடும் இடத்தில் நிறுத்தி, தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பத்து முறை ஏற்றி இறக்கினாலும் கல் அதே இடத்தைத் தொடுகிறதா என்று கவனியுங்கள். இந்தச் சோதனையில் தேறினால் விலை குறைந்த மெஷினும் நல்ல மெஷின்தான். தேறாவிட்டால் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். ஆன்லைனில் வாங்குவதற்கு நான் தயங்குவது இதனால்தான். கையால் தொட்டுப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

அடுத்தது கல்லின் விட்டம். சின்ன மெஷினில் கல் 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். பட்டறை மெஷினில் 145. பெரிய கல் மெதுவாகத் தேயும், சூடும் நிறைய இடத்தில் பரவும். 145 மில்லிமீட்டர் கல்லில் நடு ஓட்டை பொதுவாக 22.2 மில்லிமீட்டர், அதனால் எந்தக் கம்பெனிக் கல்லையும் வாங்கிப் போடலாம். சின்ன மெஷினில் விட்டமும் ஓட்டையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கிய இடத்தில் கல் கிடைக்காமல் போனால் மெஷின் பரணில் ஏறிவிடும். மாதத்துக்கு நாலைந்து செயின் தீட்டுகிறவருக்கு ஆட்டமில்லாத சின்ன மெஷின் போதும். தினமும் ஐந்து பத்து என்றால் 145தான்.

எத்தனை வாட் மோட்டார் எடுக்கணும்?

85 வாட் என்று வருவது விளையாட்டுச் சாமான் மாதிரி. கொஞ்சம் அழுத்தினாலே சுற்று குறையும். 200 வாட்டுக்கு மேல் இருந்தால் வீட்டு வேலைக்கும் சின்னப் பட்டறைக்கும் சரி. வாட்டை விட மோட்டார் வகையைக் கேளுங்கள். இண்டக்‌ஷன் மோட்டார் சத்தம் குறைவு, பளு வந்தாலும் சுற்று பெரிதாக மாறாது, நிமிஷத்துக்கு 2,800 சுற்றை ஒட்டி ஓடும். கார்பன் பிரஷ் போட்ட மோட்டார் எடை குறைவு, விலை குறைவு. ஆனால் பளு வந்தால் வேகம் இறங்கும், பிரஷ் தேயும்.

எங்க ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் இருக்காது. மோட்டார் எரிஞ்சுடுமா?

பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது கிராமத்தில் வோல்டேஜ் இறங்குவது நமக்குத் தெரிந்ததுதான். இண்டக்‌ஷன் மோட்டார் சுவிட்ச் போட்டதும் சுற்றாமல் 'ங்ங்' என்று முனகினால் உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் காயில் போய்விடும். கல்லைக் கையால் சுற்றிவிட்டு ஓடவைக்க வேண்டாம், விரல் போகும். வோல்டேஜ் நன்றாக இருக்கிற காலை நேரத்தில் தீட்டி வைத்துக்கொள்வது நல்லது. நல்ல வோல்டேஜிலும் முனகினால் கெபாசிட்டர் போயிருக்கும். அது சின்னச் செலவு.

மச்சான் அமெரிக்காவுல இருந்து ஒரு மெஷின் கொண்டு வந்திருக்காரு. அப்படியே மாட்டலாமா?

மாட்டினால் புகைதான் வரும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்டேஜ் இறக்குகிற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதோடு அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இண்டக்‌ஷன் மோட்டாராக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், கொஞ்சம் அதிகமாகச் சூடாகும். விட்டுவிட்டு ஓட்டினால் வேலை நடக்கும்.

கோணம் எத்தனை டிகிரி வைக்கணும்?

பெரும்பாலான செயினுக்கு மேல்கோணம், அதாவது பல்லின் மேல்விளிம்பு சாய்ந்திருக்கிற கோணம், 30 டிகிரி. சில செயினுக்கு 25. செயின் பெட்டியில் இருக்கும். பெட்டி இல்லாவிட்டால் புதுச் செயினில் பல்லின் மேல் மெல்லிய கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு காட்டுகிற சாய்வுதான் கோணம். காய்ந்த புளி, காய்ந்த வேலிக்காத்தான் மாதிரி இறுகிய மரமே அறுக்கிறவர்களுக்கு 25 வைத்துக் கொடுக்கிறேன். முனை கொஞ்சம் தடிப்பாக இருப்பதால் சீக்கிரம் மழுங்குவதில்லை. முருங்கை மாதிரி மெத்தென்ற மரத்துக்கு 30 நன்றாகவே போகும்.

இது போக இரண்டு சாய்வு உண்டு. கல் தலையின் சாய்வு, பொதுவாக 60 டிகிரி, சில செயினுக்கு 55. வைஸின் முன்பின் சாய்வு, சில செயினுக்கு 10, சிலதுக்கு 0. மலிவு மெஷினில் மேல்கோணம் மட்டும்தான் மாறும், மற்ற இரண்டும் அடித்து வைத்தபடி இருக்கும். லேசான வேலைக்கு அதுவும் போதும். விதவிதமான செயின் வருகிற பட்டறைக்கு மூன்றும் மாறுகிற மெஷின்தான் வேண்டும்.

செயின் சாவில் மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அதற்கு மேல்கோணம் 10 டிகிரி. அதே செயினைக் குறுக்கே அறுக்கவும் பயன்படுத்தினால் மெதுவாகத்தான் போகும். தனிச் செயின் வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்டினதும் பல்லு நீலமா மாறிடுது. அப்புறம் ரெண்டு மரம்கூட ஒழுங்கா வெட்டல. மெஷின் ரிப்பேரா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பல் கருகியிருக்கிறது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், பொறுமையாகப் படியுங்கள். இரும்பு சுமார் 300 டிகிரி சூடானால் நீலம் பாயும். செயின் பல்லுக்குத் தொழிற்சாலையில் பதம் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நீலம் பாய்ந்த இடத்தில் அந்தப் பதம் போய்விட்டது. அந்த முனை கூர் நிற்காது. இன்னும் அதிகமாகச் சூடேறி, செயின் உடம்பு அந்தச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொண்டால் மேல்தோல் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அடுத்த முறை அரம் போட்டால் அரம் வழுக்கிக்கொண்டே போகும், கடிக்காது. 'அரம் மட்டம்' என்று பலர் புது அரம் வாங்குவது இந்த இடத்தில்தான். அரத்தில் குறையில்லை.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருடைய புதுச் செயினை இப்படிக் கருக்கியிருக்கிறேன். ஒரே அழுத்தில் முடித்துவிடலாம் என்று கல்லை இறக்கிப் பிடித்தேன். 38 பல்லும் நீலம். வேறு செயின் வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கல்லைப் பல்லில் வைத்து அழுத்துவதே இல்லை. தட்டித் தட்டி எடுக்க வேண்டும்: தொடு, தூக்கு, தொடு, தூக்கு. ஒவ்வொரு தொடுதலும் ஒரு நொடிக்கும் குறைவு. பல் ரொம்ப உடைந்திருந்தால் ஒரே சுற்றில் முடிக்காதீர்கள். முதல் சுற்றில் பாதி எடுங்கள், செயின் முழுக்க ஒரு சுற்று வந்து சேரும்போது முதல் பல் ஆறியிருக்கும், பிறகு மீதி. தண்ணீரில் முக்கி ஆற்றுவது கூடாது.

இப்படிச் செய்தும் நீலம் பாய்ந்தால் கல்லைப் பாருங்கள். இரும்புத் தூளும் ஆயிலும் கல்லின் துளைகளை அடைத்து விளிம்பு பளபளவென்று இருக்கும். அப்படிப்பட்ட கல் வெட்டாது, உரசும், உரசினால் சூடுதான். மெஷினோடு ஒரு சின்னக் கரடுக்கல் துண்டு வரும், அதைச் சுற்றுகிற கல்லின் விளிம்பில் மெதுவாகக் காட்டினால் புதுக் கல் வெளியே வரும். விளிம்பின் வளைவும் அதிலேயே சரியாகும். நான் ஒவ்வொரு செயினுக்கும் முன்னால் இதைச் செய்கிறேன். அந்தத் துண்டு கொடுக்காத மெஷினை வாங்கினால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செயினைத் துடைக்காமல் வைஸில் மாட்டுவதும் கல்லைக் கெடுக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

எந்தப் பல்லுல இருந்து ஆரம்பிக்கிறது?

இருப்பதிலேயே குட்டையான, ரொம்ப உடைந்த பல்லைத் தேடுங்கள். அதை முதலில் தீட்டி, அந்த அளவில் நிறுத்துகிற ஸ்குருவை இறுக்கிவிட்டால் மற்றதெல்லாம் அதே நீளத்துக்கு வரும். மார்க்கரால் அந்தப் பல்லில் ஒரு புள்ளி வையுங்கள், எங்கே தொடங்கினோம் என்பது மறக்காது. ஒரு பக்கத்துப் பல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கோணத்தை மாற்றி மறுபக்கம் போங்கள்.

பக்கம் மாற்றியதும் முதல் பல்லைத் தீட்டி வெர்னியர் அளவுகோலால் நீளத்தை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்குருவைத் திருத்திவிட்டுத் தொடருங்கள். நல்ல மெஷினிலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் வரும். வெட்டு வளைந்து போவதைப் பற்றி மேலே சொன்னது இதைச் செய்யாமல் விடுகிறவர்களுக்கும் நடக்கும்.

பல்லு கத்தி மாதிரி இருக்கு, ஆனா மாவு மாதிரி தூள்தான் வருது. ஏன்?

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டி மேடு நிற்கிறது பாருங்கள், அதை டெப்த் கேஜ் என்பார்கள். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரமும் இறங்கும், மேடு அப்படியே நிற்கும். கடைசியில் மேடு மரத்தில் உரசி, பல்லை இறங்கவிடாது. பெரும்பாலான செயினுக்கு மேடு பல்லை விட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும், 0.404 செயினுக்கு 0.75. மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு ஒரு முறை பார்த்தால் போதும். இதற்கென்று ஒரு தகடு கிடைக்கும், செயின் மேல் வைத்தால் மேடு எவ்வளவு துருத்துகிறது என்று தெரியும்.

தடித்த கல் போட்டுக் கிரைண்டரிலேயே மேட்டைத் தேய்க்கலாம். ஆனால் நான் தட்டை அரத்தில்தான் செய்கிறேன், உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். இரண்டு மூன்று இழுப்பு, பிறகு முன்பக்க விளிம்பை உருட்டிவிட வேண்டும். சீக்கிரம் வெட்டட்டும் என்று அளவுக்கு மேல் தேய்த்தால் பல் மரத்தை ஒரேயடியாகக் கவ்வும். மெஷின் முகத்தைப் பார்த்து எகிறி அடிக்கும். ஆள் விட்டு வேலை வாங்குகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது நீங்களே அளந்து பார்த்துக் கொடுங்கள்.

சிபிஎன் கல்லுன்னு ஒண்ணு விக்கிறாங்க. வைரக் கல்லும் இருக்காம். எது நல்லது?

சாதாரண செயினுக்கு சிபிஎன். இரும்புத் தட்டின் விளிம்பில் போரான் நைட்ரைடு துகள் ஒட்டியிருக்கும். தேய்ந்து சின்னதாகாது, வளைவு மாறாது, கரடுக்கல் காட்ட வேண்டியதில்லை, காட்டவும் கூடாது. கல் தூள் பறப்பதும் இல்லை. சூடும் குறைவு. ஆனால் விலை அதிகம், தடிமனுக்கு ஒன்றாக வாங்க வேண்டும். அடைத்துக்கொண்டால் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யலாம், அவ்வளவுதான். தினமும் தீட்டுகிற பட்டறைக்குச் சரியான முதலீடு.

வைரக் கல் கார்பைடு என்கிற மிகக் கடினமான பல் வைத்த செயினுக்கு மட்டும். வைரம் என்பது கரி. சூடான இரும்போடு சேர்ந்தால் கரைந்து தேய்ந்துவிடும். அதனால் சாதாரண செயினுக்கு அதைப் போட்டால் காசு வீண்.

கல்லு தேஞ்சு போச்சு. ஆங்கிள் கிரைண்டர் கட்டிங் வட்டு மாட்டிக்கலாமா?

கூடாது. அந்த நாலு இஞ்ச் வட்டின் ஓட்டை 16 மில்லிமீட்டர், இதில் சரியாக உட்காராது. வாஷர் வைத்து உட்காரவைத்தால் ஆட்டத்தோடு சுற்றும். இரும்பை நேராக வெட்டுவதற்குச் செய்த வட்டு அது. விளிம்புக்கு வளைவு கொடுக்க முடியாது.

கல்லு உடைஞ்சு தெறிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

தெறிக்கும். புதுக் கல்லை மாட்டும் முன் ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குருடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் நல்ல கல். மந்தமாக 'டக்' என்றால் உள்ளே விரிசல், மாட்டாமல் தூக்கி எறிந்துவிடுங்கள். கல்லில் அதிகபட்சச் சுற்று அச்சடித்திருக்கும். அது மெஷினில் எழுதிய சுற்றை விட அதிகமாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள், பிறகு வேலை.

மேல்மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். கண்ணாடி கட்டாயம், மூக்குக்கு மாஸ்க். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

ஜவ்வாது மலையில வேலை. வேலை நடக்குற இடத்துல கரண்ட் கிடையாது. ஜெனரேட்டர்ல ஓட்டலாமா?

ஜெனரேட்டரில் ஓடும். 230 வாட் மோட்டார் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் 1 கிலோவாட்டுக்குக் குறையாத ஜெனரேட்டர் வேண்டும். பழைய வகை ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இண்டக்‌ஷன் மோட்டார் இரைந்துகொண்டு சூடாகும், அதைத் தவிர்த்துவிடுங்கள். வண்டி பேட்டரியில் ஓடுகிற 12 வோல்ட் கைமெஷின்களும் உண்டு, பென்சில் மாதிரி சின்னக் கல் வைத்தது. அரத்துக்குப் பதில் அது நல்ல உதவி, ஆனால் கோணம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

என்னைக் கேட்டால் மலைக்கு மெஷினைச் சுமக்க வேண்டாம். தீட்டிய செயின் நாலு எடுத்துப் போங்கள். மழுங்கினால் கழற்றி மாட்டுங்கள், கீழே வந்ததும் நாலையும் உட்கார்ந்து தீட்டலாம். அங்கே போவது மாற்றுச் செயினும் அரமும் மட்டும்.

ஒரு செயினை எத்தனை தடவை தீட்டலாம்?

தடவைக் கணக்கு கிடையாது, நீளக் கணக்குதான். பல்லின் பின்பக்கம் ஒரு கோடு இருக்கும், அதுவரை தீட்டலாம். கோடு தெரியாவிட்டால் பல்லின் மேல்பாகம் 4 மில்லிமீட்டராகக் குறைந்ததும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு பல் ஒடிந்து பறக்கும். ரிவெட் பக்கம் விரிசல் தெரிந்தால் பல் எவ்வளவு நீளம் இருந்தாலும் செயின் முடிந்தது.

பழைய மெஷின் ஒண்ணு விலைக்கு வருது. என்ன பார்த்து வாங்கணும்?

மேலே சொன்ன ஆட்டச் சோதனையை அப்படியே செய்யுங்கள், பழைய மெஷினில் கீல்தான் முதலில் தேயும். கரண்ட் கொடுத்து அணைத்ததும் கல் மெல்லச் சுற்றி நிற்க வேண்டும். கரகரவென்று சட்டென்று நின்றால் பேரிங் போயிருக்கிறது. கல்லைக் கழற்றிவிட்டு ஷாஃப்டை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள், முனை வட்டம் போட்டால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது. டிகிரி எழுத்துகள் அழிந்திருந்தால் பரவாயில்லை, கோணமானி வைத்துத் திரும்பக் கோடு போட்டுக்கொள்ளலாம். கடைசியாக, கழற்றிய கல்லின் விட்டத்தையும் ஓட்டையையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த அளவில் கல் கடையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.